சொட்டு எண்ணும் நிமிடம்

ஒருவரின் மூச்சை எண்ணப் போகிறோம் என்று அவரிடமே சொல்லக் கூடாது. சொன்ன கணத்தில் மூச்சு மாறிவிடும். அதனால் செவிலியர்கள் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தில் வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணுவார்கள். பயிற்சியின் முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் தந்திரம் இது. குமரி மாவட்டத்து மிஷன் மருத்துவமனை ஒன்றில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், தமக்குப் பொறுமை என்ற ஒன்று வந்ததே இந்த ஒரு நிமிடத்தில்தான் என்பார்.

அந்த நிமிடத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. போன் அடிக்கும். அடுத்த கட்டிலில் கூட நிற்கிறவர் கைதட்டிக் கூப்பிடுவார். வாசலில் டாக்டர் வந்து நிற்பார். பாதியில் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்பதால் நிற்கத்தான் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த நிமிடம் முழுக்க உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாராம். பிறகு அதை ஜெபத்துக்கு எடுத்துக்கொண்டார். பெரிய வார்த்தைகள் ஏதுமில்லை. கேஸ் ஷீட்டில் உள்ள பெயரைச் சொல்லி, 'இவரைப் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே' என்பதோடு சரி. எண்ணிக்கை தவறாதா என்று கேட்டால் சிரிக்கிறார். தறி ஓட்டிக்கொண்டே பாடுகிறவருக்கு இழை தவறுகிறதா?

டிரிப் போட்டால் இன்னொரு நிமிடம் கிடைக்கும். பொது வார்டில் சொட்டை அளக்கும் இயந்திரம் இல்லாத காலம். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாயில் 500 மில்லி திரவத்தை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. சீருடையில் குத்தியிருக்கும் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே குழாயிலுள்ள சிறு சக்கரத்தை விரலால் உருட்டி உருட்டிச் சரிசெய்ய வேண்டும். நோயாளி கையை மடக்கினால் சொட்டின் வேகம் மாறும். திரும்ப உருட்ட வேண்டும். ஒரு வார்டில் பத்து டிரிப் ஓடினால் இந்த உருட்டலுக்கு முடிவே கிடையாது. எரிச்சலுக்கு இதைவிடத் தோதான வேலை அமையாது என்பது அவரது கணிப்பு.

பொறுமை பிறவிக் குணம் என்றும், விசுவாசிகளுக்குக் கோபமே வராது என்றும் சபையில் பலர் நம்புகிறார்கள். சிஸ்டரின் வீட்டாரைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வாய்க்குப் பேர்போன குடும்பம். அவரிடம் இருந்தது குணம் அல்ல, கைப்பழக்கம். கை கழுவுவதைப் போன்ற ஒன்று. அதற்கும் ஒரு கணக்கு உண்டு: சோப்பும் தண்ணீரும் கொண்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கட்டிலின் கோபத்தை அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் அந்தத் தொட்டியிலேயே விட்டுவிடப் பழகினார்.

இந்த வழியில் அவருக்கு முன்னோடி ஒரு சமையல்காரர். பிரான்சின் லொரேன் பகுதியில் பிறந்த நிக்கோலா எர்மான், முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயப்பட்டவர். 1640இல் பாரிஸின் கார்மேல் மடத்தில் சேர்ந்து சகோதரர் லாரன்ஸ் ஆனார். மடத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டது அடுப்படி. அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை அது. கால் ஊனமாக இருந்தபோதும் திராட்சரசம் வாங்கிவர அவரைப் படகில் அனுப்பியிருக்கிறார்கள். பீப்பாய்களின் மேல் உருண்டுதான் படகுக்குள் நகர முடிந்ததாம். பாத்திரச் சத்தத்துக்கும் ஆளுக்கொரு பக்கம் கூப்பிடும் குரலுக்கும் நடுவே, ஆராதனையில் முழங்காலிடும்போது இருக்கும் அதே அமைதியோடு கடவுளுடன் இருக்க முடிகிறது என்று அவர் சொன்னதை மற்றவர்கள் எழுதிவைத்தார்கள். மிஷன் மருத்துவமனைகளின் காலை ஜெபங்களில் அவர் பெயர் அடிக்கடி வரும். ஆனால் சமையலறையில் குழம்பு அடிப்பிடித்தால் இன்னொரு சட்டி வைக்கலாம். வார்டில் அப்படி முடியாது. அங்கே பொறுமை மட்டும் போதாது என்பதைச் சிஸ்டர் சீக்கிரமே கண்டுகொண்டார்.

குறுக்கீடு என்பதுதான் அவருடைய தொழிலின் பெரிய தொல்லை. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை அவர் வாசிக்கும் விதமே தனி. ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது, சாகக் கிடக்கிறாள். இயேசு அவன் வீட்டுக்குப் புறப்படுகிறார். வழியில், பன்னிரண்டு வருடமாக உதிரப்போக்கால் அவதிப்படும் ஒரு பெண் கூட்டத்தில் வந்து அவர் ஆடையைத் தொடுகிறாள். இயேசு நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் முன்னால் வந்து நடந்ததையெல்லாம் சொல்லும்வரை நிற்கிறார். "அவசர சிகிச்சை விதிப்படி பார்த்தா இது தப்பு. பன்னிரண்டு வருஷ நோய் இன்னும் அரை மணி நேரம் காத்திருக்கும். குழந்தை காத்திருக்காது. யவீருவோட முகத்தை நெனச்சுப் பாருங்க" என்பார். பிரசங்கங்களில் அந்தப் பெண்ணின் விசுவாசம் பேசப்படும். சிஸ்டரின் கண் எப்போதும் பக்கத்தில் நிற்கும் அந்தத் தகப்பன்மேல்தான். அப்படி நிற்கையில் அவனுக்கு இருந்த தவிப்பை மாற்கு ஒரு வார்த்தையில்கூட எழுதவில்லை. நிற்கும் நேரத்தில் வீட்டிலிருந்து மகள் இறந்த செய்தியும் வந்துவிடுகிறது. குறுக்கே வந்தவளுக்கும் முழு நேரம் கொடுத்துவிட்டு, பிறகு இந்த வீட்டுக்கும் இயேசு போகிறார். குறுக்கீட்டையே வேலையாகப் பார்க்கும் பார்வை சிஸ்டருக்கு அங்கிருந்து வந்தது.

ஆனால் அந்தப் பார்வையை எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பது ஆபத்து. சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் செவிலியர்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே இருந்து கவனித்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. ஒவ்வொரு குறுக்கீட்டோடும் மருந்துப் பிழைகள் ஏறத்தாழ 12 சதவீதம் கூடியதை அது காட்டியது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் செவிலியர், 'வருகிறவரெல்லாம் ஆண்டவர் அனுப்பியவர்' என்று நின்று நின்று பேசினால், ஆறாம் கட்டிலின் மாத்திரை ஏழாம் கட்டிலுக்குப் போகும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் பார்ப்பதற்கு மனம் ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

அவர் கண்ட வழி எளியது. மருந்துச் சுற்று தொடங்கும்போது வார்டின் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவார்: "மருந்து குடுத்து முடியுற வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க. மூச்சு முட்டுது, ரெத்தம் போவுதுன்னா மட்டும் கூப்பிடுங்க. முடிச்சிட்டு ஒவ்வொரு கட்டிலுக்கும் நானே வருவேன்." சொன்னபடி வருவார். அந்த இரண்டாம் சுற்றில் கையில் எதுவும் இருக்காது. கேள்விக்குப் பதில் சொல்வது மட்டுமே வேலை. ஒருநாள் வராமல் விட்டாலும் மறுநாள் யாரும் அவர் பேச்சை நம்ப மாட்டார்கள் என்பதால், வீட்டுக்குப் போக நேரமானாலும் அந்தச் சுற்றை விட்டதில்லை.

கேள்விகளைத் தொடர்ந்து கேட்டதில் இன்னொன்று தெரிந்தது. கூப்பிடல்களில் பெரும்பகுதி பயத்தால் வருகிறது. "மக்களே, குப்பி தீரப்போவுது, காத்து ஏறிரும்" என்று ஒரு பாட்டி கால் பாட்டில் மீதி இருக்கும்போதே கூப்பிட ஆரம்பிப்பார். டிரிப் தீர்ந்தால் காற்று உடம்புக்குள் ஏறி உயிர் போய்விடும் என்ற பயம் நம் ஊர்களில் பரவலாக உண்டு. ஆனால் உயரத்தில் தொங்கும் பாட்டில் காலியானால் குழாயில் திரவம் ஒரு மட்டத்தோடு நின்றுவிடும். இரத்த நாளத்தின் அழுத்தம் அதற்குமேல் இறங்க விடாது. உண்மையான தொல்லை வேறு: ஊசியில் இரத்தம் ஏறி உறைந்தால் புதிதாகக் குத்த வேண்டியிருக்கும். பாட்டில் மாட்டும்போதே இதைச் சொல்லி, எந்தக் கோட்டுக்கு வந்தால் கூப்பிட வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டத் தொடங்கினார். கூப்பிடல் பாதியாகக் குறைந்தது. இதற்கு ஜெபம் எதற்கு, புத்தி போதுமே என்று ஒருவர் கேட்கலாம். எரிந்து விழுகிற மனத்துக்கு அந்தப் புத்தி தோன்றாது என்பது சிஸ்டரின் பதில். கூப்பிடுகிறவரைத் தொல்லையாகப் பார்த்த வரை, அவர் எதற்காகப் பயப்படுகிறார் என்று கேட்கவே தோன்றியதில்லையாம்.

அவசரத்தைப் பற்றி மருத்துவமனை சாப்ளின் ஒரு காலை ஜெபத்தில் சொன்ன செய்தி அவருக்குள் தங்கிவிட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனை அது, 1973இல் வெளியானது. மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பேச வேண்டும். அவர்களில் பாதிப் பேரின் தலைப்பு நல்ல சமாரியன் உவமை. வழியில் ஒருவர் குனிந்து இருமிக்கொண்டு வாசலில் கிடப்பார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதத்தினரே. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப்போவது அதில் பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. ஊழியத்துக்குப் படிக்கிறவர்களே இப்படி என்றால் வார்டில் ஓடுகிறவர்களைச் சொல்வானேன்! வேத அறிவைவிடச் சில நிமிட இடைவெளி அதிக வேலை செய்கிறது என்பது ஒரு விசுவாசிக்குக் கசப்பான பாடம்தான். சிஸ்டர் அதைக் கசப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. டூட்டிக்குச் சற்று முன்னாலேயே வந்து உட்காரத் தொடங்கினார். இளம் செவிலியர்களை "ஓடுங்க பிள்ளே" என்று விரட்டுவதையும் நிறுத்தினார்.

கத்தோலிக்கச் செவிலியர் ஒருவர் அவருக்கு இரவல் கொடுத்த புத்தகம் குழந்தை இயேசுவின் தெரேசாளுடைய தன்வரலாறு. நம் ஊரில் சிறுமலர் என்று எத்தனையோ பள்ளிகளுக்குப் பெயராக இருக்கும் அதே தெரேசாள். 15 வயதில் லிசியே ஊரின் கார்மேல் மடத்தில் சேர்ந்து 1897இல் 24 வயதில் காசநோயால் இறந்தவர். பெரிய சாகசம் எதுவும் அவர் வாழ்க்கையில் இல்லை. இருந்ததெல்லாம் இதுபோன்ற சில்லறைத் தொல்லைகள்: துணி துவைக்கும்போது எதிரே நிற்கும் சகோதரி அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிடுவார், தியான நேரத்தில் பின்னால் இருப்பவர் ஓயாமல் ஏதோ சத்தம் எழுப்புவார். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்க முயன்று தோற்றுப்போன தெரேசாள், கடைசியில் அதை நல்ல சங்கீதம் கேட்பதுபோலக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார். சிஸ்டருக்கு இது பிடித்தது. இரவு வார்டில் இருமலும் ஆக்சிஜன் பாட்டிலில் தண்ணீர் குமிழியிடும் சத்தமும் நிற்பதே இல்லை. அவற்றைக் காதை மூடாமல் கேட்கிறவருக்கு எந்த இருமல் மாறியது என்று சட்டெனத் தெரியும். பிடிக்காதவரைப் பார்த்துப் புன்னகைப்பது என்ற தெரேசாளின் இன்னொரு வழியை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மகனுக்கு என்ன ஆகுமோ என்று கத்தும் தகப்பன் முன் நர்ஸ் சிரித்தால் அடி விழும்.

எபேசியர் நிருபத்தில் பவுல் கோபத்துக்குக் கெடு வைத்திருக்கிறார். சூரியன் மறைவதற்குள் அதை முடித்துவிட வேண்டும். இரவு டூட்டிக்காரர்களுக்குச் சூரியன் மறைந்த பிறகுதான் நாளே தொடங்குகிறது. அதனால் சிஸ்டர் தம் கெடுவைப் பொறுப்பு ஒப்படைக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த ஷிஃப்டிடம் கோபத்தை ஒப்படைக்கக் கூடாது. 'பதினாலாம் கட்டில் பெரிய தொல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால், வருகிறவர் அந்தக் கட்டிலுக்குக் கடைசியாகத்தான் போவார். பதினாலாம் கட்டிலுக்கு இரவில் மூன்று முறை வலி, இன்ன நேரத்தில் ஊசி, தூங்கவில்லை என்று மட்டுமே அவர் வார்டில் சொல்லலாம். தொல்லை என்று தோன்றிய பலரும் வலி தாங்காதவர்கள் என்பது அப்படிச் சொல்லிப் பார்க்கும்போதே தெரிந்துவிடும்.

அப்படியானால் கோபம் எங்கே போகும்? சலவைத் துணி அடுக்கும் அறைக்குப் போகும். கதவைச் சாத்திக்கொண்டு அவர் படிப்பது ஸ்தோத்திரச் சங்கீதங்கள் அல்ல. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முறையீடுகள்தான் என்பது ஞாயிறு ஆராதனையை மட்டும் வைத்துப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பதின்மூன்றாம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களிலேயே 'எதுவரைக்கும்' என்று கடவுளை நான்கு முறை கேட்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் கடைசி வரியிலும் விடியாமல் இருளிலேயே முடிகிறது. நோயாளிகள் முன்னிலையில் தம்மைத் திட்டிய டாக்டரை நினைத்து, சாபங்கள் நிறைந்த நூற்றொன்பதாம் சங்கீதம் வரை போன இரவுகளும் உண்டு என்று சொல்லிச் சிரிக்கிறார். இப்படியெல்லாம் ஜெபிக்கலாமா என்று கேட்டால், வேதாகமத்தில் இருக்கிறதே என்கிறார். அந்த அறையில் பேசிவிட்டு வந்தால் வார்டில் பேச எதுவும் மிச்சமிருக்காது.

வார்டுப் பொறுப்பு வந்த பிறகு அவரை அதிகம் யோசிக்கவைத்தவர் மோசே. பூமியிலுள்ள மனிதர்களில் மிகுந்த சாந்தமுள்ளவர் என்று எண்ணாகமம் பன்னிரண்டாம் அதிகாரம் பேர் கொடுத்த அதே மனிதர், இருபதாம் அதிகாரத்தில் பொறுமை இழக்கிறார். தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் வாதாடுகிறார்கள். பாறையோடு பேசச் சொன்னார் கடவுள். மோசே ஜனங்களைத் திட்டிவிட்டுக் கோலால் இரண்டு முறை அடிக்கிறார். தண்ணீர் வந்தது, கானானுக்குள் போகும் உரிமை போனது. தண்ணீர் வராத கோடைக் காலத்தில் வார்டு முழுவதும் குடத்தோடு நின்று கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னவருக்கு இந்தக் கதையில் யார் பக்கம் நிற்பது என்பதில் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் அவர் விரல் வைத்துக் காட்டுவது அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தை. மிரியாம் அங்கே மரணமடைந்து அடக்கம்பண்ணப்பட்டாள் என்கிறது அது. மோசேயின் அக்காள். நாணற்பெட்டியில் கிடந்த குழந்தையைத் தூரத்தில் நின்று காவல்காத்தவள். அடுத்த வசனத்திலேயே ஜனங்கள் தண்ணீர் கேட்டுக் கூடுகிறார்கள். துக்கத்துக்கு ஒரு வசனம்கூட இடமில்லை.

இதைக் கவனித்த நாளிலிருந்து, ஒரு செவிலியர் வார்டில் வெடித்தால் அவர் முதலில் எடுப்பது டூட்டிப் பட்டியலை. தொடர்ந்து எத்தனை இரவு போட்டிருக்கிறோம்? வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஆண்டுநினைவு ஏதாவது வருகிறதா? கண்டிக்க வேண்டியதைப் பிறகு கண்டிப்பார். கண்டிக்காமல் விடுவதும் உண்டு. கிறிஸ்துமஸ் இரவு டூட்டியை யாருக்குப் போடுவது என்பதில் வருடாவருடம் வரும் சண்டைக்கு மட்டும் அவரிடம் தீர்வு கிடையாது; தாமே எடுத்துக்கொள்வார்.

அமைதி என்பதை அடங்கிப்போவது என்று நிர்வாகங்கள் புரிந்துகொள்வது வசதியான புரிதல். பொது வார்டில் பயிற்சி மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற இடங்களில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. ஆனால் இரவில் ஒரே செவிலியர் முப்பது கட்டில்களைப் பார்ப்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி. 2012 மார்ச்சில் சென்னையின் தனியார் மருத்துவமனைகளில் செவிலியர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, கிறிஸ்தவச் செவிலியர் இதில் சேரலாமா என்று குமரி மாவட்டச் சபைகளிலும் பேச்சு எழுந்தது. ஊழியம் என்றால் கூலி கேட்கக் கூடாது என்றார்கள் சிலர். சிஸ்டர் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார்; அறுப்பறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும் அது கர்த்தரின் காதில் விழுந்திருக்கிறது என்றும் சொல்லும் பகுதி.

தம் மருத்துவமனையில் அவர் வேலைநிறுத்தம் செய்யவில்லை. இரவு நேரக் கட்டில் எண்ணிக்கை, டூட்டியில் இருந்த செவிலியர் எண்ணிக்கை, நேரம் தவறிய ஊசிகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, மனுவாக்கி, மற்ற வார்டு சிஸ்டர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். இதற்காக ஜெபிக்கலாமே சிஸ்டர் என்றார் அங்கிருந்தவர். "ஜெபிச்சாச்சு சார். அப்புறந்தான் எழுதினோம்" என்றார் அவர். அடுத்த பட்டியலில் இரவுக்கு இரண்டாவது செவிலியர் வந்தார். கூடுதல் ஆயா கேட்டிருந்தது மறுக்கப்பட்டது. மறு வருடமும் அதே நோட்டோடு அவர் போனார்.